மார்கழிக் கச்சேரிக்குக் கிளம்புகிறவர்களுக்கு: பட்டியல் முதல் மங்களம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பர் கடைசி ஆனால் எனக்கு ஒரே மாதிரி ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "இந்த வருஷம் கச்சேரிக்குப் போயே ஆகணும். யாரைக் கேக்கலாம், எங்க கேக்கலாம், டிக்கெட் எப்படி வாங்கறது?" கேட்பவர்கள் எல்லாரும் சென்னைக்காரர்கள்தான். வருஷம் பூராவும் பாட்டு கேட்கிறவர்கள். ஆனால் டிசம்பர் சீசன் என்றதும் மலைத்துப்போய் நின்றுவிடுகிறார்கள். அதில் தப்பே இல்லை. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் என்று எங்கே திரும்பினாலும் சபாக்கள். மாலை ஆறரை மணிக்குப் பல மேடைகளில் ஒரே நேரத்தில் சுருதி சேர்க்கிறார்கள்.

பல வருஷமாக அலைந்து கேட்டதில் எனக்குப் பிடிபட்ட வழியை வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி போதும். அதையும் பெரிய பெயர்களிலிருந்து தொடங்காமல், மத்தியானக் கச்சேரியிலிருந்து தொடங்குங்கள். கீழே சொல்வதெல்லாம் இதற்கான ஏற்பாடுகள்தான்.

படி 1: பட்டியலைக் கையில் வாங்குங்கள்

சபாக்கள் நவம்பரிலேயே நிகழ்ச்சி நிரலை வெளியிட ஆரம்பிக்கும். இணையதளத்தில் போடுவார்கள், நாளிதழ்களிலும் வரும். நான் கேட்டுக்கொள்வது, முடிந்தால் சபா அலுவலகத்துக்கே ஒரு நடை போய் அச்சடித்த நிரலை வாங்கிவிடுங்கள் என்பதுதான். ஃபோன் திரையில் ஒரு நாள்தான் தெரியும். காகிதத்தில் பதினைந்து நாளும் ஒரே பார்வையில் தெரியும். பென்சிலால் சுழித்துக்கொள்ளலாம், அடிக்கலாம், மறுபடி சுழிக்கலாம்.

மியூசிக் அகாடமியின் விழா டிசம்பர் 15இல் தொடங்கி ஜனவரி 1 வரை நடக்கும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதில் பிறந்த யோசனைதான் 1928இல் அகாடமியாக உருவெடுத்தது. விழா டிசம்பரில் வந்து உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதைவிட மூத்தது ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா, 1900இல் திருவல்லிக்கேணியில் தொடங்கியது. அகாடமிக்கு முன்பே விழாவை ஆரம்பித்துவிடுகிற இடங்களும் உண்டு. மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் இருக்கும் பாரதிய வித்யா பவனில் பெரும்பாலும் நவம்பர் கடைசியிலேயே கச்சேரி கேட்க ஆரம்பித்துவிடலாம்.

பட்டியலைப் படிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு வரியில் மூன்று நாலு பெயர்கள் இருக்கும்: பாட்டு, வயலின், மிருதங்கம், அப்புறம் கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ. புதிதாக வருகிறவர்கள் முதல் பெயரைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டாவது பெயரில் நின்று பாருங்கள். நல்ல வயலின் இருந்தால், பாடுகிறவர் யாரென்று தெரியாவிட்டாலும் நான் அந்தக் கச்சேரியைச் சுழித்துவிடுவேன். ஆலாபனையில், அதாவது வார்த்தையில்லாமல் ராகத்தை விரிக்கும் இடத்தில், பாடகர் பாடியதை வாங்கி, அதே ராகத்தைத் தன் வழியில் சொல்லித் திருப்பித் தருகிறவர் அவர்தான். பாடகருக்குக் குரல் கொஞ்சம் மந்தமாக இருக்கிற நாளில் கச்சேரியைத் தூக்கி நிறுத்துவதும் பல சமயம் அவர்தான்.

பதினைந்து நாளுக்கு எட்டு சுழிக்கு மேல் வேண்டாம். பாடகர் மாறலாம், மழை வரலாம், வீட்டில் விருந்தாளி வரலாம். இடம் விட்டு வைத்தால்தான், "நேத்து அந்தப் பையன் என்னமா தோடி பாடினான் தெரியுமா" என்று யாராவது சொல்லும்போது, அந்தப் பையனின் அடுத்த கச்சேரிக்கு ஓட முடியும்.

படி 2: நாளை இடத்தை வைத்துப் பிரியுங்கள்

சாயந்திரம் தியாகராய நகரிலிருந்து மயிலாப்பூருக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். லஸ், ஆழ்வார்பேட்டைப் பக்கம் மெட்ரோ வேலையால் பாதைகள் அடிக்கடி மாறுகின்றன. போய்ச் சேரும்போது முதல் உருப்படியான வர்ணமும் முடிந்திருக்கும், உங்கள் பொறுமையும் முடிந்திருக்கும்.

டி.டி.கே. சாலை ஒரு வட்டாரம். ஒரு முனையில் அகாடமி, கொஞ்ச தூரம் நடந்தால் நாரத கான சபா. மயிலாப்பூர் இன்னொரு வட்டாரம். ரசிக ரஞ்சனி சபா, பாரதிய வித்யா பவன், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், லஸ் பக்கத்து ராக சுதா அரங்கம் எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரம் அல்லது சின்ன ஆட்டோ தூரம். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் போதும். தியாகராய நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும். பாரிமுனையில் தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம், இதற்கு உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையம் பக்கம். தெற்கே திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா.

ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம். இதை மட்டும் மீறாதீர்கள்.

படி 3: மத்தியானத்தில் தொடங்குங்கள்

சபாக்களில் ஒரு நாள் என்பது பல ஸ்லாட்டுகளாக இருக்கும். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று, மூன்றரை வரை இளம் கலைஞர்கள். நாலு மணி வாக்கில் சப்-சீனியர். ஆறு, ஆறரைக்கு மேல் சீனியர். மத்தியான ஸ்லாட்டுக்குப் பெரும்பாலான இடங்களில் டிக்கெட் கிடையாது, நேரே உள்ளே போய் உட்காரலாம்.

இலவசம் என்பதால் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அந்த மேடைக்கு வருகிற பிள்ளை, ஒன்றேகால் மணி நேரக் கச்சேரிக்காகப் பல மாதம் சாதகம் செய்திருக்கும். எந்த ராகம், எந்தக் கிருதி (பாட்டு), எங்கே நிரவல் (ஒரு வரியை விரித்துப் பாடுவது) என்று குருவோடு உட்கார்ந்து யோசித்திருக்கும். சீனியர் வித்வான்கள் சீசனில் ஊரெல்லாம் பாடுகிறார்கள், தொண்டைக்கும் ஒரு அளவு உண்டு. மத்தியானத்துப் பிள்ளைக்கு அந்த வருஷத்தின் முக்கியமான மேடையே அதுவாக இருக்கலாம். தன்னிடம் உள்ளதை முழுசாக இறக்கி வைத்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன்னால், வாரத்தின் நடுவில் ஒரு நாள், ஒரு சின்ன அரங்கில் ஒன்றரை மணிக் கச்சேரி. எண்ணிப் பார்த்தேன், என்னையும் சேர்த்து பதினாலு பேர். மிருதங்கம் வாசிக்க வந்த பையன் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தான். உள்ளே ரவை. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தொப்பி எனப்படும் இடது முகத்தின் நடுவில் வட்டமாக அப்பினான். அந்த இடது பக்கத்தில் 'தொம்' என்று அடியிலிருந்து எழும்புகிற நாதம் அந்த ரவையால் வருவது. அப்புறம் மிருதங்கத்தைத் திருப்பி, வலது முகமான வலந்தலையின் விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் காதைக் கிட்டே கொண்டுபோய்ச் சுருதி பார்த்தான். பாட வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். தண்ணீர் பாட்டிலை மூன்று முறை நகர்த்தி வைத்தார்.

இரண்டு சின்ன உருப்படிகளுக்கு அப்புறம் சாவேரி எடுத்தார். அவசரமே இல்லை. 'த' ஸ்வரமான தைவதத்தில் போய் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அந்த ஸ்வரம் ஆடுகிற ஆட்டத்தில் எனக்கு முன் வரிசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். வயலின் வாசித்த பையன் அதே தைவதத்தை எடுத்து இன்னும் மெலிசாக இழைத்தபோது, அந்தப் பெண் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சாவேரியை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த வருஷம் கேட்ட பெரிய கச்சேரிகளில் பாதி ஞாபகமில்லை.

இந்த மாதிரி ஒன்று எல்லா மத்தியானமும் கிடைக்காது. ஐந்து கச்சேரிக்கு ஒன்று கிடைக்கலாம். மற்ற நாலும் வீண் இல்லை. ராகங்களோடு பழக்கம் ஆவது அந்த நாலில்தான். ஒரு வேண்டுகோளும் உண்டு. பிடித்திருந்தால் முடிந்ததும் மேடைப் பக்கம் போய் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "சாவேரி ரொம்ப நன்னா இருந்ததும்மா" என்ற ஒரு வரி போதும்.

படி 4: டிக்கெட்

சாயந்திரக் கச்சேரிகளுக்கு இரண்டு விதம். விழா முழுவதற்கும் சீசன் டிக்கெட், அந்தந்த நாளுக்குத் தனி டிக்கெட். ஒரே சபாவில் ஏழெட்டு சாயந்திரங்களைச் சுழித்திருந்தால் சீசன் டிக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம். இல்லாவிட்டால் தனி டிக்கெட்டே நல்லது. அகாடமியில் நல்ல இடங்கள் பெரும்பாலும் சீசன் டிக்கெட்காரர்கள் கையில் இருக்கும். பெயர் பெற்றவர்களின் கச்சேரிக்கு, விற்பனை தொடங்கும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

ஒரு சபாவில் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய இடத்தில் போய் உட்கார்ந்தால், நேர் முன்னால் வீடியோ கேமராவையும் அதன் முக்காலியையும் நட்டு வைத்திருந்தார்கள். மேடையில் இருந்தவர்களில் கடம் வாசித்தவர் மட்டும்தான் எனக்குத் தெரிந்தார். கேட்டதற்கு, "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்" என்றார்கள். பணம் கொடுத்து வருகிற ரசிகருக்கு மேடை தெரிய வேண்டும் என்பது பெரிய கோரிக்கை இல்லை, எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம்தான். அதிலிருந்து, புது அரங்கு என்றால் ஒரு மத்தியானம் இலவசக் கச்சேரிக்குப் போய், எந்த வரிசையில் எப்படிக் கேட்கிறது, கேமரா எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாயந்திரத்துக்கு டிக்கெட் வாங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

படி 5: எங்கே உட்காருவது, என்ன எடுத்துப் போவது

முதல் மூன்று வரிசை வேண்டாம். ஸ்பீக்கர் சத்தம் மண்டையில் இடிக்கும், பல அரங்குகளில் மிருதங்கத்தின் மைக்கை ஏற்றியே வைத்திருக்கிறார்கள். நடுவில், எட்டாவது வரிசையிலிருந்து பன்னிரண்டாவது வரிசைக்குள் உட்கார்ந்தால் பாட்டும் வயலினும் சமமாக விழும். பால்கனியை மட்டமாக நினைக்காதீர்கள். நல்ல அரங்கில் அங்கே ஒலி தெளிவாகக் கலந்து வரும், விலையும் குறைவு.

ஒரு சால்வை கட்டாயம். வெளியே புழுங்கினாலும் உள்ளே ஏசி நடுக்கும். குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், வடகிழக்குப் பருவமழை டிசம்பர் பாதி வரைக்கும் போக்குக் காட்டும். ஃபோனை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டு நடுவில் உள்ளே போகாமல், கதவோரம் நின்று, கைதட்டும்போது போய் உட்காருங்கள்.

படி 6: கேட்பது

சாஸ்திரம் தெரியாமல் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கச்சேரி எப்படி நகர்கிறது என்று தெரிந்திருந்தால் இரண்டரை மணி நேரம் போவதே தெரியாது.

இன்றைக்கு நாம் கேட்கும் கச்சேரி முறையை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்தார் என்று சொல்வார்கள். முதலில் வர்ணம், குரலும் கையும் சூடேற. பின்னால் இரண்டு மூன்று சின்னக் கிருதிகள், விறுவிறுவென்று. அப்புறம் கொஞ்சம் விரிவாக ஒரு ராகம், அதைச் சப்-மெயின் என்பார்கள். அதற்குப் பிறகு மெயின். தோடி, பைரவி, காம்போதி, சங்கராபரணம், கல்யாணி, கரகரப்பிரியா மாதிரி ஒரு பெரிய ராகமாக இருக்கும். வார்த்தையே இல்லாமல் பாடகர் ராகத்தைக் கட்டி எழுப்புவார், வயலின் பதில் சொல்லும், கிருதி வரும், ஒரு வரியை மட்டும் எடுத்துத் திருப்பித் திருப்பி நிரவல் செய்வார், கடைசியில் ஸ்வரம். சில கச்சேரிகளில் ராகம் தானம் பல்லவியும் உண்டு. ஒரே ஒரு வரிப் பல்லவியை வைத்துக்கொண்டு அதை எத்தனை வேகத்தில், எத்தனை கோணத்தில் பாட முடியும் என்று பார்க்கிற இடம் அது.

ராகத்தின் பெயரைக் கண்டுபிடிக்க மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டால், பாட்டு முடிந்ததும் சந்தோஷமாகச் சொல்வார். ஒரு சின்ன நோட்டில் ராகத்தின் பெயரையும், அது உங்களுக்கு எப்படிப் பட்டது என்று ஒரு வார்த்தையும் எழுதுங்கள். நான் ஆரம்பத்தில் மோகனத்துக்கு 'வெளிச்சம்' என்றும் முகாரிக்கு 'ஈரத் துணி' என்றும் எழுதி வைத்திருந்தேன். அடுத்த தடவை ராகத்தை அடையாளம் கண்டது அந்த வார்த்தையை வைத்துத்தான்.

தாளம் மட்டும் இன்றைக்கே கற்றுக்கொள்ளலாம், ஆதி தாளம். வலது கையைத் தொடையில் ஒரு தட்டு. அடுத்து சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள், நாலு ஆயிற்று. மறுபடி ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, ஆறு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு, எட்டு. அவ்வளவுதான். மேடையில் இருக்கும் பாடகரின் கையைப் பார்த்து அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். பாட்டு தட்டில் தொடங்காமல் கொஞ்சம் தள்ளித் தொடங்கினால் பயப்பட வேண்டாம், அதற்கு 'எடுப்பு' என்று பெயர். நீங்கள் உங்கள் எட்டை விடாதீர்கள். சத்தம் வராமல் போடுங்கள், பக்கத்தில் இருக்கிறவருக்கும் ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கும்.

இது தெரிந்தால் தனி ஆவர்த்தனத்தின் சுகம் தெரியும். மெயின் முடியும் நேரத்தில் பாட்டும் வயலினும் ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கமும் உபபக்கவாத்தியமும் (கடம், கஞ்சிரா மாதிரி) தனியாக வாசிப்பார்கள். முதலில் ஆளுக்கு ஒரு நீண்ட சுற்று. அப்புறம் அந்த அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடிப்பார். இதைக் குறைப்பு என்பார்கள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புக் கணக்குகளை வாசித்து, பாடகர் பல்லவியை எடுக்கிற புள்ளியில் துல்லியமாக வந்து இறங்குவார்கள். உங்கள் கை எட்டை எண்ணிக்கொண்டிருந்தால் அந்த இறக்கம் உடம்பில் தெரியும். இந்த நேரம் பார்த்து எழுந்து காபிக்குப் போகிறார்கள் பாருங்கள், எனக்கு மனசு ஆறுவதில்லை. இரண்டு மணி நேரம் மற்றவர்களுக்காகவே வாசித்த கலைஞருக்குத் தனக்கென்று கிடைப்பது அந்தப் பத்து, பதினைந்து நிமிஷம்தான். தயவுசெய்து உட்காருங்கள்.

தனிக்கு அப்புறம் துக்கடாக்கள், அதாவது சின்ன, லேசான உருப்படிகள். விருத்தம், தமிழ்ப் பாட்டு, தில்லானா. களைத்த காதுக்கு இதமாக இருக்கும். பெரும்பாலும் சௌராஷ்டிர ராகத்தில் மங்களம் பாடி முடிப்பார்கள். மங்களத்துக்கு முன்னால் எழுந்து போகாதீர்கள்.

படி 7: கேன்டீன்

சீசன் கேன்டீன்கள் தனி உலகம். அடை அவியல், கீரை வடை, ரவா தோசை, கோதுமை அல்வா, டிகிரி காபி. எந்தச் சபாவில் எந்த வருஷம் எந்தச் சமையல்காரர் என்பது பாட்டுப் பட்டியல் அளவுக்கே பேசப்படும். மத்தியானக் கச்சேரி முடிந்து நாலு மணிக்குள் போய்விடுங்கள், அப்போதுதான் கூட்டம் குறைவு. ஆறரைக் கச்சேரிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஆலாபனையில் தூங்கிவிடுவீர்கள்.

படி 8: ஆறரை மணிக்கு வெளியே இருக்கும் சீசன்

இரண்டு காலைகளை ஒதுக்கி வையுங்கள். ஒன்று அகாடமியில் எட்டு மணி வாக்கில் தொடங்கும் லெக்-டெம், அதாவது பாடியும் வாசித்தும் காட்டி விளக்குகிற உரை. ஒரு ராகத்தின் வரலாறு, ஒரு வாக்கேயக்காரரின் (பாட்டும் மெட்டும் இயற்றியவரின்) நடை என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிக் காட்டுவார்கள். அந்த வருஷம் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்வானவர் தலைமையில் நடக்கும். விருது கொடுப்பது ஜனவரி 1இல், சதஸ் என்ற நிறைவு விழா அன்றைக்கு.

இன்னொரு காலை, விடிவதற்கு முன்னால், மயிலாப்பூர் மாட வீதி. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மார்கழி பஜனை போகும். பாபநாசம் சிவன் இதே நாலு வீதிகளில் பல வருஷம் மார்கழி பஜனை நடத்தினார். மைக் கிடையாது, சீட் கிடையாது. கோலம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் தலை நிமிர்ந்து ஒரு வரி கூடப் பாடுவார்கள். சபா கச்சேரியெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அங்கே நிற்கும்போது தோன்றும்.

ஒரு சாயந்திரமாவது பாரிமுனைக்குப் போங்கள். தமிழ்ப் பாட்டு கச்சேரியின் வால் பகுதியில் மட்டும் ஒதுங்கி நின்ற காலத்தில், அதை நடுமேடைக்குக் கொண்டுவர ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் 1943இல் தொடங்கியது தமிழ் இசைச் சங்கம். அங்கே மெயினும் தமிழில்தான். முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி எல்லாம் விரிவாகக் கேட்கலாம். ஓதுவார்கள் தேவாரத்தைப் பண்ணோடு பாடுவதும், பண் ஆராய்ச்சிக் கூட்டமும் உண்டு. சொல் புரிந்து கேட்கும்போது நிரவல் எவ்வளவு வேறாக இருக்கிறது என்று நீங்களே உணர்வீர்கள்.

படி 9: ஜனவரிக்கு அப்புறம்

சீசன் முடிந்தால் சங்கீதம் முடிந்துவிடாது. ராம நவமிக்கும் நவராத்திரிக்கும் கோயில்களிலும் சபாக்களிலும் தொடர்ந்து கச்சேரிகள் உண்டு. மார்கழியில் ஒரு மத்தியானத்தில் பிடித்துப்போன பெயர்களை உங்கள் நோட்டிலிருந்து எடுத்து, வருஷம் பூராவும் அவர்களைத் தேடிப் போங்கள். கூட்டம் இருக்காது, அவர்களும் நிதானமாகப் பாடுவார்கள்.

முதலில் போகவேண்டிய இடம் திருவையாறு. தை மாத வாக்கில், தேய்பிறை ஐந்தாம் நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று தியாகராஜ ஆராதனை. தஞ்சாவூரிலிருந்து சுமார் 13 கி.மீ., பஸ்ஸில் போய்விடலாம். காவிரிக் கரையில், பெங்களூர் நாகரத்னம்மாள் எழுப்பிய சமாதிக் கோயிலுக்கு முன்னால், நூற்றுக்கணக்கான வித்வான்களும் மாணவர்களும் தரையில் உட்கார்ந்து ஒரே குரலாகப் பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம். காலையிலேயே போய் இடம் பிடியுங்கள். டிக்கெட் கிடையாது, சால்வைக்குப் பதில் கீழே விரித்துக்கொள்ள ஒரு துண்டு போதும். ஐந்துமே ஆதி தாளம். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று தொடையில் போட்டுக்கொண்டு, பாடத் தெரியாவிட்டாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக உட்காரலாம்.